சிங்க்கில் ஓடும் தண்ணீர்: வேதியியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வேதியியல் துறைத் தலைவர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு ரிஃப்ளக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது: ஃபிளாஸ்க்கில் கரைப்பானை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேலேறும் ஆவியைக் கண்டென்சர் என்ற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்வித்து, மறுபடி ஃபிளாஸ்க்குக்குள்ளேயே சொட்டவிடுவது. கண்டென்சரின் மேல்முனையிலிருந்து சிங்க்குக்குப் போகும் ரப்பர் டியூபை எடுத்து ஒரு லிட்டர் பீக்கருக்குள் விட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 40 விநாடியில் பீக்கர் நிரம்பிவிட்டது. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், மணிக்கு 90 லிட்டர். அந்த வினைக்கு ஆறு மணி நேரம் வேண்டும். ஆக 540 லிட்டர். தெருக்குழாயில் வரிசை போட்டு வைக்கிறோமே, அந்த 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் 36 குடம். அதே வினையை மாலை 5 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கினால் 1,440 லிட்டர், 96 குடம். இவ்வளவும் ஒரே ஒரு ஃபிளாஸ்க்குக்கு. அதனுள் இருந்த கரைப்பான் 100 மில்லிலிட்டர்.

பீக்கரில் கையை விட்டுப் பார்த்தேன். குழாயில் வரும் தண்ணீருக்கும் கண்டென்சரைக் கடந்து வந்த தண்ணீருக்கும் சூட்டில் வித்தியாசமே தெரியவில்லை. உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கணக்கு எளியது, நாம் எல்லோரும் பாடம் நடத்துகிற கணக்குதான். ஒரு கிராம் எத்தனால் ஆவி குளிர்ந்து திரவமாகும்போது சுமார் 840 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். 250 மில்லி ஃபிளாஸ்க் ஒன்று நிதானமாகக் கொதிக்கிறது, நிமிடத்துக்கு 5 கிராம் ஆவி மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீக்க வேண்டிய வெப்பம் நிமிடத்துக்கு 4,200 ஜூல், அதாவது 70 வாட். வீட்டில் முன்பு எரித்த குண்டு பல்பின் சூடு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே 4,180 ஜூல் வேண்டும். ஒன்றரை லிட்டர் ஓடினால் அது முக்கால் டிகிரிகூடச் சூடாகாது. ஒரு குண்டு பல்பின் வெப்பத்தை அகற்ற நாம் மணிக்கு 90 லிட்டர் நல்ல தண்ணீரை ஓடவிடுகிறோம். அந்தத் தண்ணீர் எந்த வேலையும் செய்யாமல் வந்தபடியே வெளியே போகிறது. போவதும் எங்கே? ஆய்வகச் சாக்கடைக்கு. அமிலக் கழிவும் உலோக உப்புகளும் கலந்த அந்த வடிகாலில் விழுந்த நொடியிலிருந்து அதுவும் இரசாயனக் கழிவுநீர்தான். குடிக்கக்கூடிய தண்ணீரைக் கழிவாக்கி, சுத்திகரிக்க வேண்டிய கழிவின் அளவையும் நாமே பெருக்குகிறோம்.

2019 கோடையில் நான் சென்னையில் ஆய்வு மாணவி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த ஆண்டு. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில் வந்தது. விடுதியில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி. விடியற்காலையில் குளித்து முடித்து, துணியை ஊறவைத்த தண்ணீரையே கழிப்பறைக்கு ஊற்றிவிட்டு லேபுக்குப் போவேன். அங்கே நான் முந்தின நாள் ஏற்றிவிட்டு வந்த ரிஃப்ளக்ஸ் இரவெல்லாம் சிங்க்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. விடுதித் தண்ணீர் விடுதிக் கவலை, லேப் தண்ணீர் ஆராய்ச்சி. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்: அந்த ஒரு ரயில் கொண்டுவந்த மொத்தத் தண்ணீரும், நூறு ஃபியூம் ஹூட்களில் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கண்ணாடி அறைகளில்) ஆளுக்கொரு ரிஃப்ளக்ஸ் வைத்தால் பதினேழு இரவுக்குத்தான் வரும்.

தண்ணீர் வீணாவதைப் பற்றி மட்டும் பேசினால் சிலருக்கு இது இரண்டாம் பட்சமாகத் தெரியலாம். ஆனால் இது ஆய்வகப் பாதுகாப்பைப் பற்றியதும்கூட. அதே ஆண்டில் ஒரு நாள் இரவு டொலுயீன் என்ற கரைப்பானில் ஒரு வினையை ஏற்றி, சூடாக்கும் ஆயில் பாத்தை 130 டிகிரியில் வைத்துவிட்டுப் போனேன். மொட்டைமாடித் தொட்டி இரவில் எப்போதோ காலியாகிவிட்டது. மின்சாரம் இருந்தது, தண்ணீர் மட்டும் நின்றுவிட்டது. காலையில் கதவைத் திறந்தபோது கூடமெல்லாம் டொலுயீன் நெடி. ஃபிளாஸ்க்கில் கரைப்பான் ஒரு சொட்டு இல்லை. அடியில் கருகிய பிசின், ஒட்டிக்கொண்ட மேக்னடிக் பெல்லட். டொலுயீனின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை, 4 டிகிரி. ஒரு சுவிட்ச் பொறி போதும். அன்று ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விளக்கைப் போடாமல், கை நடுங்க வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நேர்மாறான விபத்து இன்னும் சாதாரணம். இரவில் கட்டடத்தின் மற்றக் குழாய்கள் மூடப்பட்டதும் அழுத்தம் ஏறும். நாட்பட்டு வெடித்த ரப்பர் டியூப் கண்டென்சர் முனையிலிருந்து கழன்று பாம்புபோல் துள்ளி, விடியும்வரை தரையில் தண்ணீரைக் கொட்டும். எங்கள் கூடத்தில் அப்படி ஒருமுறை நடந்து, கீழ்த்தளத்தில் ஒரு சீனியரின் மூன்றாண்டு நோட்டுகள் ஊறிப்போயின. அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஓவனுக்கு மேலே காயவைத்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் ஆய்வகங்களிலும் இப்படி ஒரு கதை இருக்கும். ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றி டியூபை இறுக்குவதோடு நாம் அதை மறந்துவிடுகிறோம்.

தண்ணீர் ஓடத் தேவையில்லாத கண்டென்சர்கள் சந்தையில் வந்து ஆண்டுகள் ஆகின்றன. பிரிட்டனின் ரேட்லீஸ் நிறுவனம் செய்யும் ஃபைண்டென்சர், அசிண்ட் நிறுவனத்தின் கண்டென்சின் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பார்ப்பதற்கு பைக் எஞ்சினின் சிலிண்டர் மாதிரி இருக்கும்: உள்ளே கண்ணாடிக் குழல், வெளியே வரிவரியாகத் துடுப்புகள் கொண்ட அலுமினிய உறை. வேலை செய்கிற விதமும் பைக் எஞ்சின்போலத்தான். ஆவி கண்ணாடியில் பட்டு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிச் சொட்டும்; அந்த வெப்பம் அலுமினியத்துக்குப் போய், துடுப்புகளின் பரந்த பரப்பு வழியாக அறைக் காற்றில் கலந்துவிடும். கண்ணாடியைவிட அலுமினியம் நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஃபைண்டென்சரில் கண்ணாடிக்கும் உறைக்கும் நடுவே வெப்பம் கடக்கச் சிறிதளவு தண்ணீரை நிரந்தரமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். குழாய், டியூப், சிங்க் எதுவும் கிடையாது. ஆவி தொடுவது கண்ணாடியை மட்டும்தான் என்பதால் அலுமினியம் வினையில் கலக்குமோ என்ற கவலை வேண்டாம். நின்றுபோகத் தண்ணீர் இல்லை, கழன்றுகொள்ள டியூப் இல்லை. இரவில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. நம்மூர் போர் தண்ணீர் ஓடும் கண்டென்சரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜாக்கெட்டின் உட்புறம் வெள்ளையாக உப்புப் படிந்து, உள்ளே ஆவி எதுவரை ஏறுகிறது என்றே தெரியாது. டியூபில் பச்சைப் பாசி. செமஸ்டருக்கு ஒருமுறை எங்கள் லேப் அண்ணா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி அதைக் கழுவுவார்; கழுவும்போது முனை உடைந்து போகிற கண்டென்சர்கள் எத்தனை! தண்ணீரே ஓடாவிட்டால் இந்த வேலையும் இல்லை, இந்த உடைசலும் இல்லை.

இனி, நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். அது இருபது டிகிரி ஊரில் செய்த கருவி. மே மாதத்தில் ஃபேன் மட்டும் சுற்றும் நம் லேபில் ஓடுமா? நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன். ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தியிடம் ஒன்றை இரவல் வாங்கி, அறை 34 டிகிரி இருந்த ஒரு மதியம் முயன்று பார்த்தேன். ஃபிளாஸ்க்கில் எத்தனால் மட்டத்துக்கு மார்க்கரில் கோடு போட்டு, கொதிக்கவிட்டு, மாலை ஆறவைத்துப் பார்த்தால் மட்டம் கோட்டோடுதான் நின்றது. டொலுயீனிலும் அப்படியே. டைகுளோரோமீத்தேனில் ஒரு மணி நேரத்துக்குள் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது, நிறுத்திவிட்டேன். அதன் கொதிநிலை 40 டிகிரி. அறைக்கும் அதற்கும் ஆறு டிகிரி இடைவெளியில் காற்று என்ன செய்யும்? டை எத்தில் ஈதர் 35 டிகிரியில் கொதிப்பது, பென்டேன் 36 டிகிரியில். இவற்றுக்கெல்லாம் நம் வெயிலில் காற்றுக் கண்டென்சரை வைக்கவே கூடாது. கிரிக்னார்டு வினையை ஈதரில் செய்கிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். அதுபோல ஒரு லிட்டருக்கு மேற்பட்ட ஃபிளாஸ்க்குகளுக்கும், திடீரென்று சூடு பொங்கும் வினைகளுக்கும் இது போதாது. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நம்பிக் கை சுட்டுக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மே மாத மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். அறைக் காற்றைவிட அதுதான் சூடாக இருக்கும். ஈதரை அந்தத் தண்ணீரும் பிடித்து வைக்காது. அதனால்தான் கோடையில் நாம் ஐஸ் வாங்கி வருகிறோம். குழாயைத் திறந்தால் சில்லென்று தண்ணீர் வரும் ஊர்களில் பிறந்த பழக்கம் இது. வேதியியலாளர் லீபிக்கின் பெயரில் நாம் அழைக்கும் தண்ணீர்க் கண்டென்சரின் அமைப்பை ஜெர்மானியரான வைகல் 1771-இலேயே வெளியிட்டுவிட்டார். 250 ஆண்டு நாம் கேள்வி கேட்காமல் சுமந்து வந்திருக்கிறோம். 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும் திரவங்களுக்குக் காற்றுக் கண்டென்சர்தான் என்று நாமே பி.எஸ்சி. வகுப்பில் சொல்லித் தருகிறோம். துடுப்பு வைத்த உறை அந்த எல்லையை அறுபது, எழுபது டிகிரிக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவே.

உங்கள் ஸ்டோர் ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள். அதிகம் செலவாகும் கரைப்பான்கள் எவை? எங்கள் துறையில், கொதிநிலையோடு சொன்னால், எத்தனால் 78, எத்தில் அசிட்டேட் 77, அசிட்டோநைட்ரைல் 82, டொலுயீன் 111, டி.எம்.எஃப். 153. மெத்தனால் 65-இலும் ஹெக்சேன் 69-இலும் கொதிக்கும். அவற்றைக் கோடை நண்பகலில் ஒருமுறை எடைபோட்டுச் சோதித்துக்கொண்டு பயன்படுத்தலாம். இரவு முழுக்க ஓடுகிற வினைகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள்தான் வரும். எங்கள் லேபில் அப்படித்தான்.

கொதிக்கும் கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சொட்டவிட்டு மூலிகைச் சாற்றை இறக்கும் சாக்ஸ்லெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேதியியல், தாவரவியல், உயிர்வேதியியல், மருந்தியல் என்று எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நிலவேம்போ ஆடாதோடையோ எத்தனாலில் ஊறிப் பச்சையாக இறங்கிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க. நான்கைந்து சாக்ஸ்லெட்டுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தண்ணீர். எத்தனாலில் செய்கிற இந்த வேலை காற்றுக் கண்டென்சருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மாற்றத்தை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் இங்கே தொடங்குங்கள் என்பேன். பொருத்தும்போது கண்டென்சரையே கிளாம்பில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் கண்டென்சரைவிடக் கனம் அதிகம், சாக்ஸ்லெட்டின் கழுத்து அதைத் தாங்காது.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாம் வாங்கும் சாதாரண கண்ணாடிக் கண்டென்சரைவிட இதன் விலை பல மடங்கு. பி.எஸ்சி. செய்முறை வகுப்பில் முப்பது பேருக்கும் இதைத்தான் வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அலுமினிய உறைக்குள் ஆவி ஏறுவதும் சொட்டுவதும் தெரியாது, முதன்முதலில் ரிஃப்ளக்ஸ் வைக்கும் பிள்ளை அதைக் கண்ணால் பார்த்துத்தான் கற்க வேண்டும். அந்த வகுப்புக்குச் சில நூறு ரூபாயில் ஒரு வழி இருக்கிறது. ஏர்கூலருக்குப் போடுகிற சின்ன சப்மெர்சிபிள் பம்ப், 40 லிட்டர் பிளாஸ்டிக் டப். டப்பிலிருந்து கண்டென்சருக்கு, கண்டென்சரிலிருந்து திரும்ப டப்புக்கு. ஒரு கண்டென்சர் ஆறு மணி நேரம் ஓடினால் முன்சொன்ன 70 வாட் கணக்கில் அந்த 40 லிட்டர் தண்ணீர் 9 டிகிரிதான் சூடாகும். நான்கு கண்டென்சர்களை வரிசையாகக் கோத்து இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் 12 டிகிரி. எத்தனாலுக்குத் தாராளம். டைகுளோரோமீத்தேன் என்றால் டப்பில் ஐஸ் போட்டுக்கொள்ளலாம். பம்பையும் ஹீட்டிங் மேன்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பம்ப் தனியாகப் பழுதாகலாம் என்பதால் ஆள் இல்லாத இரவுக்கு இது வேண்டாம், பகல் வகுப்புக்கு மட்டும். டப்பை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

சக்‌ஷனுக்குக் (வடிகட்டும்போது காற்றை உறிஞ்ச) குழாயில் மாட்டும் நீர்ப் பம்பும் இதே குற்றவாளிதான். தண்ணீர் இல்லாமல் ஓடும் டயாஃப்ரம் பம்ப் ஒன்று இருந்தால் நீர்ப் பம்பைத் தூக்கி வைத்துவிடலாம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

முதல்வர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் நீர் சேமிப்பும் கேட்கப்படுகிறது. மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் சொட்டுநீர்ப் பாசனத்தையும் நாம் அங்கே காட்டுகிறோம். அவை நல்ல வேலைகள், தொடர வேண்டியவை. 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலரும் முணுமுணுத்தார்கள், பிறகு அதன் பயனைக் கிணறுகளில் கண்டார்கள். அந்த வரிசையில் ஆய்வகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூரையில் சேர்த்த தண்ணீரை ஆய்வக சிங்க்கில் விட்டுவிட்டால் சேர்த்ததற்கு என்ன பயன்? வெளியே லாரித் தண்ணீருக்குக் கல்லூரி கொடுக்கும் தொகையை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, கண்டென்சரின் கொட்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துறைத் தலைவர்களே, பசுமை வேதியியலைத் தாளாக வைத்து நடத்துகிறோம். அனஸ்டாஸும் வார்னரும் 1998-இல் வகுத்த பன்னிரண்டு கொள்கைகளை மாணவர்கள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். கழிவைச் சுத்தம் செய்வதைவிடக் கழிவே வராமல் தடுப்பது மேல் என்பது அதில் முதல் கொள்கை. அதை நடத்தி முடித்த மறுநாள், செய்முறை வகுப்பில் ஒரு மாணவி சிங்க்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மேம், இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" அவள் வீட்டில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். டிரெயினேஜுக்கு என்றேன். வேறொன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது பெரியது இல்லை. ஆள் இல்லாத இரவில் குழாய்த் தண்ணீரில் ரிஃப்ளக்ஸ் வைக்கக் கூடாது என்று உங்கள் துறையில் ஒரு விதி போடுங்கள். அதைக் கடைப்பிடிக்க வசதியாக, எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சேர்த்து முதலில் நான்கு காற்றுக் கண்டென்சர்கள் வாங்குங்கள். கோடையில் ஒருமுறை, உங்கள் அறை வெப்பநிலையில், உங்கள் கரைப்பானில் நீங்களே சோதித்து எந்தக் கரைப்பானுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஹூட் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். நம் வெப்பநிலையில் நாம் எடுத்த அளவீடுதான் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். கம்பெனி கையேடு போதாது. பி.எஸ்சி. வகுப்புக்கு டப்பும் பம்பும் வந்துவிடட்டும்.

அடுத்த ஆண்டுக்கு வாங்க வேண்டிய பொருள்களின் இன்டென்ட் உங்கள் மேசைக்கு வரும். கண்ணாடிப் பொருள்கள் பட்டியலில் "லீபிக் கண்டென்சர், 24" என்று வழக்கம்போல ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு லிட்டர் பீக்கரையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கண்டென்சரின் டியூபைப் பிடித்துப் பாருங்கள். எத்தனை விநாடியில் பீக்கர் நிரம்புகிறது என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
கல்லூரி வேதியியல் ஆசிரியை ஒருவர்